துணி ஒட்டிய சான்றிதழ்

காலை ஐந்து மணி நாற்பது. பசுந்தாங் சந்தையை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு அட்டை. மழை இருட்டில் யாருடைய முகமும் தெரியவில்லை. எரிந்துகொண்டிருந்த ஒரே தெருவிளக்கின் கீழே, ஒரு குடைக்குள், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த அந்த அட்டையின் மேல் தங்க ரேக்கில் அச்சிட்ட எழுத்து மட்டும் மின்னியது. பர்மிய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். அதற்குக் கீழே அதே பெயர் தமிழில்.

அட்டையைப் பிடித்திருந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. பசுந்தாங்கில் ஓர் அச்சகத்தில் பைண்டர். பக்கத்தில் அவர் மனைவி, கையில் நான்கு அடுக்குத் தூக்கு. இருவருக்கும் நடுவில் மகள். கன்னத்தில் தனகா மரப்பட்டை அரைத்த குழம்பைப் பூசி, புது லோன்ஜி கட்டி, கிழக்கிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியின் விளக்கையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். பாடம் வேதியியல். வேதியியலுக்குச் சேர்க்கையின் கடைசி நாள் அது. தவறினால் தொலைக்கல்விதான். தொலைக்கல்வியில் புத்தகம் வீட்டுக்கு வரும், ஆய்வகம் வராது.

மாணவர் போராட்டங்களுக்குப் பின் மூடிக்கிடந்த பல்கலைக்கழகங்கள் மறுபடி திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பகல் வகுப்புகள் பல நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் கட்டிய புதுக் கட்டடங்களுக்குப் போய்விட்டன. எங்கள் தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்களே குறைவு. இங்கே பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு முடியும். அதைத் தேறிய பிள்ளையைத் தொலைக்கல்வியில் போட்டுவிட்டு ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்புவது வழக்கம். போதிய மதிப்பெண் இருந்தும் படிவத்துக்குப் பயந்து பகல் வகுப்பை விட்டவர்களை எனக்குத் தெரியும். சந்தையில் பேசும் பர்மிய மொழி எல்லோருக்கும் வரும். படிவத்தில் இருக்கும் பர்மிய மொழி வேறு.

அதனால்தான் மாதா கோயில் கூடத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு மேசை போட ஆரம்பித்தோம். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த மாணவிகள் சிலர் படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். நான் ஒரு பர்மிய வார இதழில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். நிரப்பிய படிவங்களை வாசித்துப் பார்ப்பது என் பங்கு. காகிதம் கொடுத்தது தெருமுனை எழுதுபொருள் கடை பாய். இன்சீனிலிருந்து, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் பெற்றோர் வருவார்கள். த்வாண்டேயிலிருந்து ஒரு குடும்பம் படகேறி வந்து, ஈரக் காலோடு கூடத்தின் வாசலிலேயே நின்றது. உள்ளே வரலாமா என்று கேட்டார்கள்.

பல்கலைக்கழகத்திலும் எங்களுக்கு ஓர் ஆள் இருந்தார். வேதியியல் துறையின் செயாமா. ஆசிரியையை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ஷான் மலைப்பக்கத்துக்காரர். பர்மிய மொழி அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தது. சேர்க்கை வாரத்தில் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டுக்கொள்ள அவர்தான் அனுமதி வாங்கித் தந்தார். ‘பெற்றோருக்கு’ என்று ஒரு பலகை எழுதி அவரே ஆணியடித்தார்.

குடும்பங்களுக்குக் கொடுக்க ஓர் அறிவிப்பும் அச்சிட்டிருந்தோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் பர்மியம். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஏழு வரி. எழுதியது நான். மூன்றாவது வரி இது: ‘பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அசல். கசங்காமல், மடிக்காமல், நனையாமல் பத்திரமாகக் கொண்டு வரவும்.’

ஆறு மணிக்கு பஸ் வந்தது. பழைய ஜப்பான் வண்டி. ஜன்னல் பக்கம் தண்ணீர் ஒழுகியதால் நான்கு பேரும் நடுவில் நெருங்கி உட்கார்ந்தோம். பைண்டர் அட்டையை மடியில் வைத்து நாடாவை அவிழ்த்தார்.

“பாருங்க தங்கச்சி. கையத் தொடச்சுட்டுத் தொடுங்க.”

துடைத்துவிட்டுத்தான் தொட்டேன். முதுகுக்குத் துணி, மூலைகளுக்குத் தோல், உள்ளே பளிங்குத் தாள். ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனி உறை. அடையாள அட்டையின் நகல், குடும்பப் பட்டியல், வார்டு அலுவலகக் கடிதம், புகைப்படங்கள். கடைசி உறையில் சான்றிதழ். இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. நான்கு பேர் கை மாறி வந்த தாள் என்று சொல்லவே முடியாது.

“பின்னாடி முழுசும் காலிகோ துணி குடுத்திருக்கேன்,” என்றார். “பெரிய வரைபடத்துக்கெல்லாம் அப்படித்தான் குடுப்போம். இனி மடிச்சாலும் கிழியாது. அம்பது வருசம் நிக்கும்.”

“எங்க கல்யாணச் சீட்ட எலி கடிச்சுச்சு,” என்றார் மனைவி. “அதுக்கு இந்த மனுசன் ஒரு உறைகூடப் போடல.”

“அப்ப நான் பைண்டர் இல்லியே. அரிசி மில்லுல மூட்டை தூக்கிட்டிருந்தேன்.”

“இப்பவும் மூட்டைதான். அட்டை போட்ட மூட்டை.”

மகள் சிரித்தாள். “அமா, எழுதினது சரியா இருக்கான்னு பாருங்க,” என்று தங்க எழுத்தைக் காட்டினாள். அக்காவைப் பர்மிய வழக்கில் அமா என்பாள். பாதி வாக்கியம் தமிழிலும் பாதி பர்மியத்திலும் போகும். நான் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழை இல்லை. “அழகா இருக்கு அண்ணே,” என்றேன்.

சேர்க்கை முத்திரையைச் சான்றிதழின் பின்பக்கத்தில் குத்துவார்கள். முந்தின வருடம் சேர்க்கை அலுவலக ஜன்னலருகில் நின்று, பத்துப் பதினைந்து தாள்களில் அந்த முத்திரை விழுவதை நான் பார்த்திருந்தேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் அந்தத் துணி என் கையிலும் மடியிலும் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.

ஏழே முக்காலுக்குப் பல்கலைக்கழக வாசலில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் நெல் வயல். நடுவில் நேராக ஒரு செம்மண் சாலை. சாலை முழுக்கப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் இரண்டு மூன்று பெரியவர்கள். குடைகள், தூக்குகள், பிளாஸ்டிக் உறைகள். கூச்சல் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மகள் எங்களுக்கு முன்னால் பத்தடி போய்த் திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

“ஆய்வகம் எந்தப் பக்கம், அமா?”

மாடியில் கடைசி ஜன்னல்கள் என்று காட்டினேன். எண்ணினாள். “ஆறு ஜன்னல்,” என்றாள் அம்மாவிடம்.

“எண்ணிட்டியா? வீட்டுக்குப் போகலாமா?” என்றார் அம்மா.

ஒன்பதரைக்கு ஜன்னல் திறந்தது. எங்கள் முறை வந்தபோது பத்து ஐம்பது. எழுத்தர் நடுவயதுக்காரர். வெற்றிலை குதப்பியபடி ஒவ்வொரு தாளாக வாங்கி அடுக்கினார். சிவப்பு அட்டையை மூடித் திறந்து பார்த்தார். “யார் செஞ்சது?” என்று கேட்டார். “எங்க அப்பா,” என்றாள் அவள். எழுத்தர் பைண்டரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பர்மியத்தில்தான் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன்.

பிறகு முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் அழுத்தி, சான்றிதழைத் திருப்பினார். முத்திரை அந்தரத்தில் நின்றது.

“இது என்ன?”

“துணி,” என்றார் பைண்டர்.

“துணின்னு தெரியுது. முத்திரைய எங்க குத்த?”

“துணி மேலயே குத்துங்க. நல்லாப் புடிக்கும்.”

“நாளைக்குத் துணிய உரிச்சா? முத்திரை துணியோட போயிடும். இதே தாளை வேற பல்கலைக்கழகத்துல காட்டிச் சேரலாம். தாள்லதான் விழணும்.”

முன்பக்கம் ஓர் ஓரத்தில் குத்தலாமே என்றேன். முன்பக்கத்தில் எதையும் குத்தவோ எழுதவோ கூடாது என்று அங்கேயே அச்சிட்டிருந்ததை விரலால் காட்டினார். புதுப் பிரதி வாங்க வேண்டுமானால் தேர்வு அலுவலகத்துக்கு மனுப் போட வேண்டும். எத்தனை நாள் ஆகும்? அவர் இரண்டு கையையும் விரித்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. வெற்றிலையை நிறுத்திவிட்டுத்தான் பேசினார்.

அவள் ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “மூணு மணி வரைன்னு போட்டிருக்கு. மூணுக்கு வரிசையில நின்னா போதுமா, இல்ல மூணுக்குள்ள முடியணுமா?”

“மூணுக்கு நான் பேனாவ மூடிடுவேன்.”

வரிசையிலிருந்து விலகி நின்றோம். பைண்டரின் முகம் வெளுத்திருந்தது. என் பையில் அந்த அறிவிப்பின் படிகள் இருந்தன. ஒன்றை எடுத்து மூன்றாவது வரியைப் படித்தேன். கசங்காமல், மடிக்காமல், நனையாமல். இந்த மூன்றையும் ஒரு பைண்டர் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்திருந்தார். பின்பக்கத்தை வெறுமையாக விட வேண்டும் என்று ஏழு வரியில் எங்கும் இல்லை.

“தப்பு என்னோடது,” என்றேன்.

“அந்தாளக் காப்பாத்தாதீங்க,” என்றார் மனைவி. “பொண்ணப் பெத்தோம். அதுக்குப் பின்னாடி துணி ஒட்டாம விட்டாரே, அதுவே பெரிசு.”

பைண்டர் சான்றிதழை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் நெருடினார். “மைதாப் பசைதான். கோந்து போடல. ஒட்டினவன் நான், எடுக்கவும் தெரியும். கொஞ்சம் சூடு வேணும், கொஞ்சம் ஈரம் வேணும். ஆடாத மேசை ஒண்ணு வேணும்.”

“தலைமையாசிரியர் கையெழுத்து மைப்பேனா, அப்பா,” என்றாள் மகள். “பள்ளி முத்திரை ஊதா மை. ரெண்டும் தண்ணியில ஓடும்.”

“ஒட்டறப்ப ஓடலியே.”

“ஒட்டறப்ப பசை கெட்டி. இப்ப ஈரம் துணி வழியா வரும். எவ்வளவு வருதுன்னு தெரியாது.”

நான் தாழ்வாரத்து மேசைக்கு ஓடினேன். செயாமா ஒரு தாய்க்குப் படிவத்தில் கையெழுத்து போடும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சான்றிதழை வாங்கித் திருப்பினார். வாயைக் கையால் மூடிச் சிரித்தார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐந்து.

“மேல வாங்க,” என்றார். “எல்லாரும் வாங்க. தூக்கையும் எடுத்துக்குங்க, வெளிய வச்சா நாய் கொண்டுபோயிடும்.”

இப்படித்தான், பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன்னாலேயே, அவள் அந்த ஆய்வகத்துக்குள் போனாள். நீள மேசைகள் எட்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு தொட்டி. கண்ணாடி அலமாரிகளில் பாதி காலி. மீதிப் பாதியில் பழுப்புப் புட்டிகள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றினாள். கழற்ற வேண்டாம், கண்ணாடித் துண்டு கிடக்கும் என்று செயாமா சொன்னதும் மறுபடி மாட்டிக்கொண்டாள். அலமாரி பக்கம் போய்ப் புட்டிகளின் பெயரை ஒவ்வொன்றாக முணுமுணுத்தாள். காப்பர் சல்ஃபேட்டுக்கு வந்ததும் திரும்பினாள்.

“அப்பா, இது உங்க மயில்துத்தம்!”

“பசையில பூச்சி வராம இருக்கப் போடுறதா?” பைண்டர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். “இங்கயும் பைண்டிங் பண்றாங்களா?”

செயாமாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் இன்னும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். ஒரு முக்காலியின் மேல் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. அலமாரியிலிருந்து மேசை அகலத்துக்கு வடிதாள்கள் கொண்டுவந்து விரித்தார். சான்றிதழை முகம் கீழாக அதன்மேல் வைத்தோம். பைண்டர் சட்டைக் கையை மடித்தார். பையிலிருந்து மடிப்புப் போடும் எலும்புத் துண்டை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை என்று மனைவி சொன்னார். மாதா கோயிலுக்குக்கூட.

முதலில் மகள் சோதனை பார்த்தாள். அவளாகவேதான் கேட்டாள். அறிவிப்பின் படி ஒன்றை வாங்கி, அதில் என் பேனாவால் ஒரு கோடு கிழித்து, பின்பக்கம் ஈரத்துணியால் ஒற்றி, நூறு வரை எண்ணினாள். மை ஓடவில்லை. இன்னொரு தரம், அதிக ஈரம். எழுபதில் கோட்டின் ஓரம் மங்கியது. “முதல் அளவு,” என்றாள். “அதுக்கு மேல ஒரு சொட்டுகூட வேணாம்.” செயாமா அவளைப் பார்த்தார். ஈரம் ஒற்றும் பஞ்சை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் இரண்டு விரல் அகலத்துக்கு ஒற்றுவாள். செயாமா இடுக்கியில் பிடித்த குடுவையை ஆவி படும்படி காட்டுவார். பைண்டர் எலும்பை மெல்ல நுழைத்து, துணியை அதன்மேலேயே மடித்து, படுக்கையாக இழுப்பார். தாளை இழுக்கவே இல்லை, துணியைத்தான். முதல் பட்டை உரிந்து கீழே தாள் தெரிந்தபோது, பைண்டரின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டாவது பட்டை இன்னும் சுலபமாக வந்தது. மூன்றாவது. ஒவ்வொரு பட்டைக்குப் பிறகும் தாளை நகர்த்தி வடிதாளைப் பார்த்தோம். கறை இல்லை. நான்காவது முடிந்தபோது பாதி உரிந்திருந்தது. நான் மணி பார்த்தேன். ஒன்று இருபது. யாரும் சாப்பிடவில்லை. நாங்கள் எல்லோரும் ஏதோ பந்தயம் பார்ப்பவர்கள் போல் மேசையைச் சுற்றிக் குனிந்திருந்தோம்.

ஐந்தாவது பட்டையில் வடிதாளில் ஊதா நிறம் தெரிந்தது. கடுகளவு.

“நிறுத்துங்க,” என்றாள் மகள்.

தாளைத் தூக்கிப் பார்த்தோம். பள்ளி முத்திரையின் வெளி வட்டம் ஓரிடத்தில் கசிந்திருந்தது. எழுத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வட்டத்துக்கு மேலேதான் கையெழுத்து இருந்தது.

பைண்டர் எலும்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். “மெதுவாப் போனா முழுசும் எடுத்துடலாம்.”

“அப்பா, வேணாம்.”

“பாதியில விட்டா அசிங்கமா இருக்கும். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு. எந்த பைண்டராச்சும் பாத்தா என்ன நெனப்பான்?”

மனைவி தூக்கைத் தரையில் வைத்தார். “ஏங்க, கீழ ஜன்னல்ல அவரு குத்துற முத்திரை எவ்வளவு பெரிசு?”

நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினேன்.

“அதுக்கு இவ்வளவு எடம் பத்தாதா? இங்க நாலு முத்திரை குத்தலாமே.”

நான் செயாமாவுக்குச் சொன்னேன். அவர் முக்காலியின் கீழே குனிந்து விளக்கை அணைத்துவிட்டார்.

உரித்த இடத்தில் மிச்சமிருந்த பசையை ஒற்றி எடுக்கவும், வடிதாள்களுக்கு நடுவில் வைத்து இரண்டு தடிப் புத்தகங்களை ஏற்றிக் காயவைக்கவும் முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தோம். எலுமிச்சைச் சோறு, பொரித்த மீன், மாங்காய் ஊறுகாய். செயாமா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் உட்காரவில்லை. கையில் சோற்று உருண்டையை வைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஆய்வகத்துக்குள் போய்ப் புத்தகத்தைத் தொட்டுவிட்டு வந்தாள்.

“தொட்டா காயுமாடி?” என்றார் அம்மா.

“சூடு இருக்கான்னு பாத்தேன்.”

“பேறு காலத்துல உங்கப்பாவும் இப்படித்தான் ஆஸ்பத்திரி கதவத் தொட்டுட்டுத் தொட்டுட்டு வந்தாரு.”

இரண்டு இருபதுக்குக் கீழே இறங்கினோம். படியில் நான்கு பேரும் ஓடினோம். செயாமா மேலிருந்து ஓட வேண்டாம் என்று கத்தினார். வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஜன்னலை அடைந்தோம். எழுத்தர் சான்றிதழைத் திருப்பினார். மேல்பாதி துணி, கீழ்பாதி தாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“ஈரமா இருக்கா?”

“இல்ல,” என்றாள் அவள். “குளிர்ச்சியா இருக்கும். ஆனா ஈரம் இல்ல.”

அவர் முகர்ந்து பார்த்தார். “பலகாரம் மாதிரி வாடை வருது.”

“மைதா,” என்றார் பைண்டர்.

எழுத்தர் முத்திரையை மையில் ஒற்றினார். முதலில் தன் மேசைமேல் கிடந்த பழைய தாளில் ஒருமுறை குத்திப் பார்த்தார். பிறகு சான்றிதழில், துணியின் ஓரத்துக்கு மூன்று விரல் கீழே, அழுத்தினார். நாங்கள் நால்வரும் கம்பி வழியாக எட்டிப் பார்த்தோம். பின்னால் நின்றவர்களும் ஏன் என்று தெரியாமலேயே எட்டிப் பார்த்தார்கள். முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. எழுத்தர் அதன்மேல் ஊதினார், தேதி எழுதினார், பெரிய பேரேட்டில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினார். பெற்றோர் கையெழுத்துக்கு எதிரே பைண்டர் பர்மிய எழுத்தில் தன் பெயரை மெதுவாக எழுதினார். தானும் போடலாமா என்று மனைவி கேட்டார். ஒருவர் போதும் என்றார் எழுத்தர். ஆனால் பேனாவை அவர் பக்கம் திருப்பி நீட்டினார். அவர் தமிழில் போட்டார்.

அப்போது மணி இரண்டு ஐம்பத்தெட்டு. மகள் அங்கிருந்து நேரே மாடிக்கு ஓடினாள், செயாமாவிடம் சொல்ல. கீழே நின்ற எங்களுக்கு இருவரும் கத்தியது கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் பைண்டர் உரித்த துணிப் பட்டைகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மேல்பாதியையும் வீட்டில் வைத்து நிதானமாக எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் அறிவிப்பில் எட்டாவது வரி ஒன்றைச் சேர்த்தேன். பாய் கடையில் புதிதாக நகலெடுத்தோம்.

அவள் பட்டம் வாங்கி, இப்போது அதே மாடியில் செய்முறை வகுப்பு எடுக்கிறாள். சான்றிதழின் மேல்பாதியில் துணி இன்னும் ஒட்டியிருக்கிறது.